சைவ வீட்டில் பிறந்த ரத்தக் காட்டேரி

வேம்பயர் குலத்திலேயே மிகப் பரிதாபமான ஜீவன் எட்வர்ட் கல்லன்தான். ஸ்டெஃபனி மேயர் 2005-ல் வெளியிட்ட ‘ட்வைலைட்’ நாவலின் நாயகன். பிறந்தது 1901. 1918-ல் ஸ்பானிஷ் ஃப்ளூ வந்து சாகக் கிடந்தவனை, வேம்பயராக இருந்த ஒரு டாக்டர் கடித்துக் காப்பாற்றினார். அன்றோடு வயது 17-ல் நின்றுவிட்டது. சாகாவரம் கிடைத்தவன் என்னவெல்லாம் செய்யலாம்? உலகம் சுற்றலாம், ராஜ்ஜியம் பிடிக்கலாம். இவனோ நூறு வயது தாண்டிய பிறகும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து உயிரியல் படிக்கிறான். பக்கத்து சீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். கேன்டீனில் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்து போகிறான். போதாக்குறைக்கு மனித ரத்தம் தொடுவதில்லை என்று குடும்பத்தோடு விரதம். மிருக ரத்தம் மட்டும்தான். அதற்கு அவர்கள் வீட்டில் வேடிக்கையாக வைத்திருக்கும் பெயர், சைவம்.

குலப்பெருமையைக் கப்பலேற்றிவிட்டான் என்று மூத்த வேம்பயர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் பையன் குலவழக்கத்திலிருந்து இம்மியும் விலகவில்லை. அழகான, வெளுத்த, பணக்கார, எந்நேரமும் மூட் சரியில்லாத இந்த வகை வேம்பயர் 1816-ம் ஆண்டு ஜெனீவா ஏரிக்கரையில் கருக்கொண்டபோது, அந்த வீட்டு இரவுச் சாப்பாடு காய்கறிதான். பெற்றெடுத்தவரும் ஒரு டாக்டர். அவருக்கு அப்போது வயது 20.

செருப்பைக் கேட்டு வந்த பிணம்

அதற்கு முன்பும் வேம்பயர்கள் இருந்தார்கள். ஆனால் யாரும் காதலிக்கிற நிலைமையில் இல்லை. 1725-ல், ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த செர்பியாவில், கிசில்யெவோ என்ற கிராமத்தில் பீட்டர் பிளாகோயெவிச் என்ற விவசாயி செத்துப்போனார். புதைத்துச் சில வாரங்கள் ஆன பிறகு, எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். ‘ராத்திரி பீட்டர் வந்து மேலே ஏறி அமுக்கினான்’ என்று சாகும் முன் சொன்னார்கள். பீட்டரின் மனைவி வீட்டுக்கும் அவர் வந்தார். ரத்தம் கேட்கவில்லை. தன் செருப்பைக் கேட்டார். அந்த அம்மாள் செருப்பு, வீடு, ஊர் மூன்றையும் விட்டுவிட்டு வேறு கிராமத்துக்குப் போய்விட்டார்.

ஊரார் பிணத்தைத் தோண்டப் போகிறோம் என்று கிளம்ப, ஃப்ரோம்பால்ட் என்ற அரசு அதிகாரி தடுத்தார். பெல்கிரேடிலிருந்து மேலிடத்து அனுமதி வரட்டும் என்றார். அனுமதி வருவதற்குள் ஊரே காலியாகிவிடும் என்றார்கள் மக்கள். வேறு வழியின்றிக் கூடவே போய் நின்றார். உள்ளே இருந்த பீட்டர் அழுகாமல், வாயில் ரத்தத்தோடு கிடந்தார். நெஞ்சில் கழுமரம் இறக்கி எரித்தார்கள். ஃப்ரோம்பால்ட் நேர்மையாக அறிக்கை எழுதினார். இதில் ஏதாவது தவறு நடந்திருந்தால் அதற்குப் பொறுப்பு நான் இல்லை, பயத்தில் புத்தி கெட்ட இந்த ஜனங்கள்தான் என்று கடைசியில் சேர்த்தார். உலகின் முதல் வேம்பயர் கோப்புகளில் ஒன்று இப்படித்தான் முடிகிறது. பேயே வந்தாலும் அதிகாரி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமல்லவா?

சில வருடங்களில் மெத்வெஜா கிராமத்தில் அர்னால்ட் பாவ்லே. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தவர். இவர் விவகாரத்தை விசாரிக்க ராணுவ டாக்டர்களே வந்தார்கள். அந்த அறிக்கை 1732-ல் ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகளில் ஓடியது. மொத்தத்தில், அந்தக் கால வேம்பயர் என்றால் ஊதிய உடம்பு, சிவந்த முகம், சவத்துணி. பழகுவது சொந்தக்காரர்களிடமும் அண்டை வீட்டாரிடமும் மட்டும். பங்களா கிடையாது, கோட் கிடையாது, காந்தப் பார்வை கிடையாது. இவர் கன்னிப்பெண்கள் கனவில் வரும் கனவானாக மாறியது எப்படி? ஒரு வேலைக்காரருக்கும் முதலாளிக்கும் ஒத்துப்போகாததால்.

முதலாளி

1816-ல் லார்ட் பைரனுக்கு வயது 28. இங்கிலாந்தின் முதல் சூப்பர் ஸ்டார் என்று சொன்னால் மிகையில்லை. கவிதைப் புத்தகம் வெளிவந்து ஒரே காலையில் புகழ் வந்தவர். அதே வேகத்தில் பேர் கெட்டவர். கல்யாணம் ஆன ஒரே வருடத்தில் மனைவி அனபெல்லா கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அப்பாவின் இன்னொரு தாரத்து மகளான அக்கா அகஸ்டாவோடு பைரனுக்குத் தகாத உறவு என்று லண்டன் முழுக்கப் பேச்சு. கடன்காரர்கள் வாசலில். ஏப்ரல் 25-ந் தேதி அவர் கப்பல் ஏறினார். அவர் லண்டன் வீட்டை விட்டுக் கிளம்பிய கையோடு ஜப்தி ஆட்கள் உள்ளே புகுந்து, வளர்த்த பறவைகளையும் அணிலையும்கூட விட்டுவைக்காமல் எடுத்துப்போனார்கள்.

ஓட்டாண்டியாக நாட்டை விட்டு ஓடுகிறவர் எதில் ஓடினார் தெரியுமா? நெப்போலியனின் கோச் வண்டியைப் பார்த்து அதே மாதிரி செய்யச் சொன்ன வண்டியில். உள்ளே படுக்கை, புத்தக அலமாரி, சாப்பாட்டு வசதி எல்லாம் உண்டு. விலை 500 பவுண்ட். செய்தவருக்குப் பணம் தரவில்லை. பெல்ஜியத்திலேயே வண்டி பலமுறை மக்கர் செய்தது. அசல் நெப்போலியனும் பெல்ஜியத்தில்தான் மாட்டினார் என்பதால், நகல் துல்லியமாகவே செய்யப்பட்டிருக்க வேண்டும்.

பைரன் சாப்பிடும் விதமே தனி. உடம்பு போட்டுவிடும் என்று பயம். காலையில் மெல்லிசாக ஒரு ரொட்டித் துண்டு, டீ. ராத்திரி கொஞ்சம் காய்கறி, சோடாத் தண்ணீரில் பெயருக்குக் கொஞ்சம் ஒயின். பசி வயிற்றைக் கிள்ளினால் புகையிலை மெல்லுவார், சுருட்டுப் பிடிப்பார். பகலில் வெகுநேரம் தூங்குவார், ராத்திரி விழித்திருப்பார். விளைவாக முகம் நன்றாக வெளுத்திருந்தது. பெண்கள் அதைப் பார்த்து மயங்கினார்கள். இன்றைக்கு வேம்பயருக்குரிய லட்சணங்களாக நாம் சொல்லும் எல்லாமே, ஒரு மனிதரின் டயட் பிளானில் இருந்து வந்தவை.

டாக்டர்

கூடப் போன டாக்டர்தான் ஜான் வில்லியம் பாலிடோரி. இத்தாலிய அப்பா, ஆங்கிலேய அம்மா. 19 வயதில் எடின்பரோவில் மருத்துவப் பட்டம். ஆய்வேடு எழுதியது தூக்கத்தில் நடக்கும் வியாதி பற்றி. பார்க்கவும் லட்சணமாக இருப்பார். ஒரே குறை, தானும் பெரிய எழுத்தாளர் என்ற நம்பிக்கை. பைரனின் பதிப்பாளர் ஜான் முர்ரே, பயணத்தில் நடப்பதையெல்லாம் டைரியாக எழுதித் தந்தால் 500 பவுண்ட் தருவதாகச் சொல்லியிருந்தார். அதாவது நாடி பிடிக்கப் போனவரின் இன்னொரு கையில் பேனா. வண்டிக்கும் டைரிக்கும் ஒரே விலை. இரண்டுக்கும் பணம் கைமாறவில்லை.

டோவர் துறைமுகத்திலேயே அவமானம் ஆரம்பித்துவிட்டது. பாலிடோரி எழுதிய நாடகத்தை பைரனின் நண்பர்கள் கூட்டத்தில் வாசித்தார்கள். சோக நாடகம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடல் தாண்டி ஆஸ்டெண்டில் ஹோட்டல் அறைக்குள் கால் வைத்ததும், பைரன் அறையைப் பெருக்க வந்த பணிப்பெண் மேல் இடியாகப் பாய்ந்தார் என்று டைரியில் குறித்துவைத்தார் டாக்டர். பின்னாளில் பாலிடோரியின் தங்கை சார்லட், அண்ணனின் டைரியைக் கண்ணியமாகப் படியெடுத்து, அசிங்கமான இடங்களை விட்டுவிட்டு, மூலத்தை அழித்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே அக்கா மகன் வில்லியம் மைக்கேல் ரொசெட்டி படித்துவிட்டிருந்தார். 1911-ல் டைரியைப் பதிப்பித்தபோது அந்தப் பணிப்பெண் விஷயத்தை ஞாபகத்திலிருந்து எடுத்துச் சேர்த்துவிட்டார். வேறு எதை மறந்தாலும் அதையா மறப்பார்கள்?

ரைன் நதிக்கரையில் பாலிடோரிக்குப் பொறுக்கவில்லை. கவிதை எழுதுவதைத் தவிர, என்னால் முடியாதது எதை நீங்கள் செய்துவிடுவீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டார். பைரன் நிதானமாக மூன்று விஷயம் சொன்னார். அதோ அந்தக் கதவின் சாவித் துவாரத்தைத் துப்பாக்கியால் சுடுவேன். இந்த ஆற்றை நீந்திக் கடப்பேன். மூன்றாவது, உனக்கு நல்ல உதை கொடுப்பேன்.

எதிர்வீட்டுக் கூட்டம்

மே 25-ந் தேதி ஜெனீவா வந்து சேர்ந்தார்கள். ஹோட்டல் பதிவேட்டில் வயது என்ற இடத்தில் பைரன் 100 என்று எழுதினார். அசதியில் எழுதியதுதான். ஆனால் நூறு வயதான அழகன் என்ற எண்ணம் அந்தப் பதிவேட்டிலேயே தயாராக இருந்தது.

அங்கே அவருக்காக ஒரு பதினெட்டு வயதுப் பெண் காத்திருந்தாள். க்ளேர் க்ளேர்மாண்ட். லண்டனில் பைரனுக்குத் தானாகக் கடிதம் எழுதி, தானாகப் பழகி, தானாகக் காதலித்தவள். பைரன் இதை எப்போதோ முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். க்ளேர் முடிக்கவில்லை. தனியாக வந்தால் சரிப்படாது என்று, மாற்றாந்தாய் வழிச் சகோதரி மேரியையும் மேரியின் காதலரான கவிஞர் ஷெல்லியையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். மேரிக்கும் வயது 18. பதினாறு வயதில், மனைவியுள்ள ஷெல்லியோடு வீட்டை விட்டு ஓடியவள். அந்த ஓட்டத்திலும் க்ளேர் கூடவே போயிருந்தாள். அதற்குள் மேரி ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, இன்னொன்றை இடுப்பில் வைத்திருந்தாள். ஷெல்லிக்கு 23. நாத்திகர், சண்டைக்கு எதிரி, மாமிசம் தொடாதவர். இயற்கை உணவின் மேன்மை பற்றிப் பிரசுரமே போட்டவர்.

பைரன் கொலோனி குன்றின் மேல் வில்லா தியோதாத்தியை வாடகைக்குப் பிடித்தார். ஷெல்லி கூட்டம் கீழே ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டில். அக்கரை ஹோட்டல்காரர் இதில் ஒரு வியாபாரம் கண்டுபிடித்தார். டெலஸ்கோப்பை வாடகைக்கு விட்டார். சுற்றுலா வந்த ஆங்கிலேயர்கள் ஏரிக்கு அந்தப் பக்கம் நின்று, தியோதாத்தி மாடியில் உலர்ந்துகொண்டிருந்த மேஜை விரிப்புகளையெல்லாம் பெண்களின் உள்பாவாடை என்று நினைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நடந்தது வேறு. காய்கறி சாப்பிட்டுவிட்டுத் தத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே போகவும் முடியாது. அந்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்துக் கிளப்பிய தூசும் புகையும் மேலே பரவி வெயிலை மறைத்துவிட்டன. பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது. பைரன் கோஷ்டிக்கு மட்டும் போர் அடித்தது. எரிமலைக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் உண்டு என்பதே யாருக்கும் தெரியாது. ஜூன் மாதம், விடாத மழை, இடி, ஒரே அறையில் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் மேதைகள். பாக்கி மூன்று பேரும் இருபதும் அதற்குக் குறைவும். இந்தச் சூழ்நிலையில் ரத்தம் வராமல் இருந்தால்தான் அதிசயம்.

கால் சுளுக்கிய காதலன்

பாலிடோரிக்கு மேரி மேல் ஒரு இது. அவளோடு உட்கார்ந்து இத்தாலியன் படித்தார். ஜூன் 15 அன்று, மழையில் நனைந்த சரிவில் மேரி மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். பைரனும் பாலிடோரியும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான ஆண்மகனாக இருந்தால் இங்கிருந்து குதித்துப் போய்க் கை கொடுக்க வேண்டாமா என்று பைரன் கொளுத்திப்போட்டார். டாக்டர் குதித்தார். கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஊருக்கே வைத்தியம் பார்ப்பவரை இப்போது தூக்கி வர வேண்டியதாயிற்று. பைரன் அவரை உள்ளே கொண்டு சேர்த்து, காலுக்கு வைக்கத் தலையணையும் எடுத்து வந்தார். உங்களுக்கு இவ்வளவு இரக்கம் உண்டென்று நான் நினைக்கவே இல்லை என்றார் பாலிடோரி. நன்றி சொல்லும் முறை இதுவல்ல. ஆனால் அந்த வீட்டில் யார் எதற்கு நன்றி சொல்வது என்பது குழப்பமான விஷயம்தான். அதே நாள் அவருடைய நாடகம் மறுபடி பேச்சுக்கு வந்தது. ஒன்றுக்கும் உதவாது என்பதில் எல்லோருக்கும் ஒருமித்த கருத்து என்று டைரியில் தானே எழுதிவைத்தார். மனுஷன் டைரியில் மட்டும் பொய் சொல்லவில்லை.

மழைக்காலப் பொழுதுபோக்காகக் கையில் இருந்தது ‘ஃபண்டாஸ்மகோரியானா’. ஜெர்மன் பேய்க்கதைகளை பிரெஞ்சில் கொடுத்த புத்தகம். அதைப் படித்த சூட்டில், நாம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பைரன் அறிவித்தார். ஜூன் 17-ந் தேதி டைரிப்படி, எல்லோரும் கதையைத் தொடங்கிவிட்டார்கள், டாக்டரைத் தவிர.

மறுநாள், ஜூன் 18, இலக்கிய வரலாற்றில் கல்வெட்டில் பொறிக்க வேண்டிய நாள். கால் வலி அதிகமாகியிருந்தது. மேரி தன்னைத் தம்பி என்று அழைத்ததாக பாலிடோரி குறிக்கிறார். கவனியுங்கள், அவர் மேரியை விட இரண்டு வயது மூத்தவர். அண்ணன் என்றிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். காதலிக்கிற பெண் தம்பி என்று சொன்ன அன்று சாயங்காலம், டீ குடித்த பிறகு, டாக்டர் தன் பேய்க்கதையை எழுத ஆரம்பித்தார். இதைவிட நல்ல நேரம் பேய்க்கதைக்குக் கிடையாது.

நள்ளிரவு பன்னிரண்டு. பேச்சு பேய்ப் பக்கம் திரும்பியது. பைரன் கோல்ரிட்ஜின் ‘கிறிஸ்டபெல்’ கவிதையிலிருந்து, சூனியக்காரியின் மார்பைப் பற்றிய வரிகளைக் குரல் தாழ்த்திச் சொன்னார். கடவுளே இல்லை என்று எழுதி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஷெல்லி, திடீரென்று கத்தி, தலையில் கை வைத்துக்கொண்டு, மெழுகுவத்தியோடு அறையை விட்டு ஓடினார். மேரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காம்புகள் இருக்க வேண்டிய இடத்தில் கண்கள் உள்ள ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்துவிட்டதாம். கடவுள் இல்லை என்பதில் அவர் உறுதியாகத்தான் இருந்தார். மற்றவை பற்றி விசாரிக்கவில்லை போலிருக்கிறது. சுளுக்கிய காலோடு நொண்டிக்கொண்டே போன பாலிடோரி முகத்தில் தண்ணீர் அடித்து, ஈதர் கொடுத்துப் பேஷண்டைத் தேற்றினார். அந்தக் கோடை முழுவதும் அவர் செய்த உருப்படியான வைத்தியம் இதுதான்.

நாலு நாளில் பைரனும் ஷெல்லியும் படகு எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். டாக்டரையும் கணுக்காலையும் வீட்டில் விட்டுவிட்டு.

முடிக்காதவர்களும் முடித்தவர்களும்

போட்டி முடிவு என்ன? ஷெல்லி கொஞ்சம் எழுதி விட்டுவிட்டார். பைரன் சில பக்கம் எழுதினார். டார்வெல் என்ற மர்ம கனவான், ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு கீழ்த்திசைப் பயணம் போகிறான், துருக்கியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் சாகிறான், தன் சாவை யாருக்கும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்குகிறான். அவ்வளவுதான். பைரனுக்குச் சலித்துவிட்டது. கடைசிவரை எழுதியது யார்? அந்த 18 வயதுப் பெண்ணும் 20 வயதுப் பையனும். மேரி எழுதியது ‘ஃபிராங்கன்ஸ்டைன்’.

பாலிடோரி தன் வேம்பயர் கதையை உடனே எழுதவில்லை. அதற்குள் அவருக்கு நிறைய வேலை இருந்தது. படகுப் போட்டியில் தோற்ற கோபத்தில் ஷெல்லியைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டார். ஷெல்லி சிரித்தார். அவருக்குத்தான் இதில் கொள்கை, எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது, என்னோடு வா என்றார் பைரன். அந்தச் சண்டை அத்தோடு நின்றது. மட்டமான மெக்னீஷியா விற்றதற்காக ஜெனீவா மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மூக்குக் கண்ணாடியை உடைத்து கோர்ட் வரை போனார். செப்டம்பரில் பைரன் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். ஆல்ப்ஸ் மலையைக் கால்நடையாகவே தாண்டி இத்தாலி போனார். மிலானில் லா ஸ்காலா அரங்கில், முன்னால் நின்ற ஆஸ்திரிய அதிகாரியின் தொப்பி மேடையை மறைக்கிறது, கழற்றச் சொல் என்று தகராறு செய்து கைதானார். பைரன் வந்து பேசி மீட்க வேண்டியிருந்தது. மறுநாள் ஊரை விட்டே போகச் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவே, ஜெனீவா பக்கம் ஒரு சீமாட்டி, பைரன் விட்டுவைத்த அந்தக் கதையை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்று எழுத முடியுமா என்று கேட்டார். இரண்டு மூன்று காலைப் பொழுதுகளில் எழுதிக் கொடுத்தார் பாலிடோரி. பெயர், ‘தி வேம்பயர்’.

கதையைக் கேளுங்கள். ஆப்ரே என்று ஓர் இளைஞன். அப்பா அம்மா இல்லை, ஒரு தங்கை உண்டு. புத்தகங்களில் வருவது போலவே உலகம் இருக்கும் என்று நம்புகிறவன். லண்டனில் லார்ட் ருத்வென் என்ற பிரபுவைச் சந்திக்கிறான். வெளுத்த முகம், உயிரில்லாத சாம்பல் நிறக் கண்கள், பெண்கள் வரிசையாக விழுகிறார்கள். மயங்கிப்போய் அவரோடு ஐரோப்பாச் சுற்றுப்பயணம் கிளம்புகிறான். போகப் போகப் புரிகிறது, இந்த ஆள் தொட்ட இடமெல்லாம் நாசம். கோபித்துக்கொண்டு பிரிந்து கிரேக்கம் போகிறான். அங்கே இயாந்தி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். வேம்பயர் பற்றி அவள் எச்சரிக்கிறாள். இவன் சிரிக்கிறான். அவளையே வேம்பயர் கடித்துக் கொன்றுவிடுகிறது. ஜுரத்தில் கிடக்கும் ஆப்ரேயைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது யார் என்று பார்த்தால், ருத்வென்! தலையணை எடுத்து வந்த பைரன் இங்கே தெரிகிறாரா? பிறகு ருத்வென் கொள்ளைக்காரர்களிடம் குண்டடிபட்டுச் சாகிறார். ஒரு வருடமும் ஒரு நாளும் தன்னைப் பற்றி மூச்சுவிடக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார். நிலா வெளிச்சத்தில் வைத்த பிணத்தைக் காணோம். லண்டனுக்குத் திரும்பினால் விருந்தில் நின்றுகொண்டிருக்கிறார், ஆப்ரேயின் தங்கையைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக. சத்தியம் வாயைக் கட்டுகிறது. கெடு முடிந்து ஆப்ரே உண்மையைச் சொல்லும்போது நேரம் கடந்துவிட்டது.

நட்பு, காதல், அமானுஷ்ய ஆபத்து. பெற்றோர் தொந்தரவு இல்லாத கதாநாயகன். கேட்காமல் போகும் எச்சரிக்கை. இன்றுவரை டீன் ஏஜ் வேம்பயர் கதைகளின் சமையல் குறிப்பு இதுதான். முக்கியமான மாற்றம், வேம்பயர் இனிமேல் செருப்புக் கேட்டு வர மாட்டார். வேலைக்காரன் எடுத்துத் தருவான்.

முட்டாள்கள் தினத்து வெளியீடு

கையெழுத்துப் பிரதி எப்படியோ லண்டன் போய், பதிப்பாளர் ஹென்றி கோல்பர்ன் கையில் சிக்கியது. தன் ‘நியூ மந்த்லி மேகசின்’ பத்திரிகையில் வெளியிட்டார். தேதி 1819 ஏப்ரல் 1. ஆசிரியர் பெயர், லார்ட் பைரன்!

கோல்பர்னைக் குறை சொல்ல முடியாது. ருத்வென் என்ற பெயரைப் பார்த்தால் யாருக்கும் பைரன்தான் ஞாபகம் வரும். பைரனின் முன்னாள் காதலி லேடி கரோலின் லேம்ப், பழிவாங்குவதற்கென்றே 1816-ல் எழுதிய ‘க்ளெனார்வன்’ நாவலில் பைரனை வில்லனாக்கி வைத்த பெயர் அது. அந்த நாவலைப் போட்டதும் இதே கோல்பர்ன்தான். விட்டுப்போன காதலி, விரட்டப்பட்ட டாக்டர் இருவருமாகச் சேர்ந்து ஒரு மனிதரை வேம்பயராக்கினார்கள்.

பாலிடோரி மறுநாளே மறுத்து எழுதினார். இது என் கதை, விதை மட்டும் அவருடையது என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பைரனும் மறுத்தார். வேம்பயர்கள் மேல் தனக்குத் தனிப்பட்ட முறையிலேயே வெறுப்பு என்றும், அவர்களோடு உள்ள கொஞ்சப் பழக்கத்தை வைத்து அவர்கள் ரகசியத்தை வெளியிட மாட்டேன் என்றும் பாரிஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். நம்ப வைப்பதற்காகத் தன் அரைகுறைக் கதையையும் தேடி எடுத்து முர்ரேவுக்கு அனுப்பினார். அவர் அதை ‘மஸெப்பா’ புத்தகத்தின் பின்னால் சேர்த்து வெளியிட்டார். ஒரு கதையை எழுதவில்லை என்று நிரூபிக்க இன்னொரு கதையை அனுப்பிவைத்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். அதற்குள் ஜெர்மனியில் மகாகவி கதே, பைரன் எழுதியதிலேயே சிறந்தது இதுதான் என்று சொன்னதாகச் செய்தி. பாலிடோரிக்கு இதைவிடப் பெரிய பாராட்டும் இதைவிடப் பெரிய அவமானமும் வாழ்க்கையில் கிடைக்கவில்லை. கதைக்குக் கிடைத்த பணம் 30 பவுண்ட்.

மேரியின் கதையும் இதேதான். 1818-ல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பெயரில்லாமல் வந்தது. மதிப்புரை எழுதிய வால்டர் ஸ்காட், ஷெல்லி எழுதியது என்று நினைத்துப் புகழ்ந்தார். எழுத ஆரம்பித்துப் பாதியில் போட்டவர்கள் இரண்டு மேதைகள். எழுதி முடித்தவர்கள் இரண்டு பொடிசுகள். ஊர் பாராட்டியது மேதைகளை. மேரிக்குப் பின்னாளில் பெயர் கிடைத்தது. பாலிடோரிக்குக் காலம் இல்லை. சூதாட்டக் கடனும் மனச்சோர்வுமாக 1821 ஆகஸ்டில், 25 வயதில் இறந்தார். இயற்கை மரணம் என்று விசாரணையில் எழுதினார்கள். வீட்டார் அப்படி நம்பவில்லை.

ருத்வென் மட்டும் நிம்மதியாக உயிரோடு இருந்தார். 1820-லேயே பாரிஸில் நாடகமானார். அதே வருடம் லண்டன் லைசியம் அரங்குக்காக நாடகாசிரியர் பிளான்ஷே அதை ஆங்கிலத்தில் எழுதினார். கதை கிழக்கு ஐரோப்பாவில் நடக்கட்டும் என்றார் பிளான்ஷே. அரங்கு முதலாளியோ, ஸ்காட்லாந்தில்தான் நடக்க வேண்டும் என்றார். காரணம், ஸ்காட்லாந்து உடைகள் கோடவுனில் ஏற்கெனவே இருந்தன. ஸ்காட்லாந்தில் வேம்பயர் ஏது என்ற கேள்விக்கு முதலாளி சிரித்தார். வேம்பயர் கட்டம் போட்ட பாவாடையோடு மேடையேறினார். அவர் திடீரென்று மறைவதற்காக மேடைத் தரையில் செய்த ஸ்பிரிங் கதவுக்கு நாடகக்காரர்கள் இன்றும் ‘வேம்பயர் ட்ராப்’ என்றுதான் பெயர் சொல்கிறார்கள்.

அந்த லைசியம் தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, ஹென்றி இர்விங் என்ற மாபெரும் நடிகரின் கைக்கு வந்தது. அவருக்கு நிர்வாகியாக 1878-லிருந்து வேலை பார்த்தவர் ஓர் ஐரிஷ்காரர். கடிதங்களுக்குப் பதில் எழுதினார், கணக்குப் பார்த்தார், நள்ளிரவு விருந்துகளை ஏற்பாடு செய்தார். உயரமான, கம்பீரமான, எல்லோரையும் வசியம் செய்து வேலை வாங்குகிற முதலாளி. மிச்ச நேரத்தில் நிர்வாகி ஒரு நாவல் எழுதினார். 1897-ல் வந்தது. அவர் பெயர் பிராம் ஸ்டோக்கர், நாவல் ‘டிராகுலா’. டிராகுலா பிரபுவுக்கு இர்விங்கின் சாயல் உண்டு என்று பலரும் சொல்வார்கள். இர்விங் அந்த வேடத்தைக் கடைசிவரை மேடையில் போடவே இல்லை.

ஆக, வேம்பயரை வெல்வதற்குப் பூண்டு, சிலுவை, கூர்மரம் என்று ஆயிரம் வழி சொல்லியிருக்கிறார்கள். வேம்பயர் ஆகாமல் தப்பிக்க என்ன வழி என்று ஒருவரும் சொல்லவில்லை. பிரபலங்களுக்காக இங்கே சொல்லிவைக்கலாம்: உங்களிடம் வேலை பார்ப்பவரின் நாடகத்தை வாசிக்கும்போது சிரிக்காதீர்கள். சிரிப்பு வந்தே தீரும் என்றால், சம்பளத்தையாவது ஒழுங்காகக் கொடுத்துவிடுங்கள்.